கோணல் மூட்டைக்கு நானூற்றுப் பத்து மில்லி செகண்ட்

மருத்துவக் கல்லூரிச் சாலையில் ரயிலடியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, கீல் உடைந்த என் சொந்த லேப்டாப், லேப்டாப்பை மெஷினோடு இணைக்கும் ஒரு சீரியல் கேபிள். மின் துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் அலுவலகத்து ஆசிலோஸ்கோப்பை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டேன். தஞ்சாவூரில் நான் பதினான்கு வருடம் வேலை பார்த்த இடம் அது. காலை பத்து மணிக்கு ஏன் வெளியே போகிறேன் என்று வாசலில் யாரும் கேட்கவில்லை.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் இது வேறு மாதிரியான நடை. அரிசி மூட்டை பிடிக்கும் ஒரு மெஷினில் ஒரு பெண்ணுக்கு இரண்டு விரல் போயிருந்தது. அதற்குக் காரணம் நான் எழுதிய ஒரே ஒரு வரி என்று தெரிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அதே வரி மயிலாடுதுறைப் பக்கம் இன்னொரு மில்லில் அந்த நிமிடமும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயும் மெஷினின் வாயருகே யாரோ ஒருவர் கையோடு நின்றுகொண்டிருப்பார். அதை நினைத்தபடி, பஸ் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் நடந்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பழைய அலுவலகத்தில் இன்று வேலை பார்க்கும் இரண்டு பேர் போன மாதம் போனில் பேசினார்கள். மெஷின் கம்ப்யூட்டரின் அடிப்படை நிரலான லினக்ஸ் கெர்னலில், புதிய பதிப்பில், அவசர வேலைக்கு முதலிடம் கொடுக்கும் வசதி சேர்ந்தே வருகிறதாம். "இனிமே தாமதத்தை உக்காந்து அளக்க வேண்டியதில்லதானே சார்?" என்றார்கள். அவர்களுக்கு என் பதில் இதுதான்.

நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு வரை, அதுவும் முழுதாக இல்லை. நாகூருக்குத் தெற்கே கடற்கரைக் குப்பம். அப்பாவுடன் படகில் போனேன், வாந்தி நிற்கவில்லை, இன்ஜின் பக்கம் அனுப்பினார்கள். இன்ஜினிலிருந்து பம்புசெட், பம்புசெட்டிலிருந்து மோட்டார் காயில் சுற்றும் கடை, அங்கிருந்து டிவி ரிப்பேர், கோயம்புத்தூரில் போர்டு சால்டரிங். அதுவரை இரண்டு வருடத்துக்கு மேல் ஓரிடத்தில் இருந்ததில்லை. பட்டினியும் கிடந்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் தூங்கியும் இருக்கிறேன். அதையெல்லாம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிப்களோடு வரும் விவரத் தாள்களைப் படித்தே எழுத்துக்கூட்டி ஆங்கிலம் கற்றேன். தஞ்சாவூரில் மெஷின்களுக்குக் கட்டுப்பாட்டுப் போர்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சால்டரிங் ஆளாகத்தான் சேர்ந்தேன்.

சால்டரிங்கிலிருந்து என்னைத் தாமதம் அளக்கும் வேலைக்கு இழுத்தவர் ஸ்டெல்லா மேடம். டிரைவர் எனப்படும் நிரல்களை எழுதும் பிரிவுக்கு அவர்தான் தலைமை. என்னைவிடப் பத்து வயது சின்னவர். வேளாங்கண்ணிப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பம், அப்பா கடைமடை விவசாயி. மேடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் எந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோனாலும் முதல் பக்கத்தைப் படிக்க மாட்டார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார்.

"அதிகபட்சம் எவ்வளவு?"

நான் முதன்முதலில் எடுத்துப்போன அளவுகளில் சராசரியைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். மூன்று மில்லி செகண்ட். எனக்குப் பெருமை. மேடம் அதைப் பென்சிலால் அடித்துவிட்டுச் சொன்னார்:

"எங்கப்பாகிட்ட போயி, ஆத்துத் தண்ணி சராசரியா எத்தனை நாள்ல வயலுக்கு வரும்னு சொல்லிப் பாருங்க, செல்வமணி. வெரட்டி விட்டுருவாரு. கடைசியா எப்ப வரும்? அதுக்குள்ள நாத்து காஞ்சிருமா? இவ்வளவுதான் அவருக்குத் தெரியணும்."

தாமதம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். மெஷினில் ஒரு சென்சார் எதையோ பார்க்கிறது. பார்த்ததைக் கெர்னலுக்குச் சொல்கிறது. கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் எந்த வேலை முதலில், எது பிறகு என்று வரிசை விடும் நிரல். அது டிரைவரை எழுப்புகிறது. டிரைவர் என்பது அந்தக் குறிப்பிட்ட சென்சாரின் பாஷை தெரிந்த சின்ன நிரல். அதற்குப் பிறகுதான் மோட்டாரோ வால்வோ நிற்கும். பார்த்ததற்கும் நின்றதற்கும் நடுவில் போகும் நேரம்தான் தாமதம். லட்சம் தடவை நன்றாக வந்து ஒரு தடவை பிந்தினால், அந்த ஒரு தடவைதான் எங்கள் கணக்கு.

அளக்கும் முறையையும் மேடம்தான் வகுத்திருந்தார். ஸ்கோப்பின் ஒரு முள் சென்சார் வயரில், இன்னொன்று வால்வு வயரில். திரையில் இரண்டு கோடு எழும், நடுவில் உள்ள இடைவெளியைப் படிக்க வேண்டும். கம்ப்யூட்டரே சொல்லும் நேரத்தை நம்பக் கூடாது, தாமதமாக வந்தவனிடமே எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்கிற மாதிரி அது. மெஷின் சும்மா இருக்கும்போது அளக்கக் கூடாது. "கஷ்டப்படுற மெஷினை அளங்க" என்பார். ஒருநாள் முழுக்க ஓடவிட்டு, மிகப் பெரிய எண்ணை மட்டும் நோட்டில் எழுத வேண்டும். மில்லிலிருந்து கிளம்பும் முன் பதினேழு வரிகள் கொண்ட ஒரு தாளில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் போட வேண்டும். பதினேழாவது வரி: சோதனைச் செய்திகள் நிறுத்தப்பட்டன.

அந்தத் தாளை நான் சுமார் இருநூறு தடவை நிரப்பியிருப்பேன். நிரப்பி நிரப்பி, கை தானாக டிக் போடப் பழகியிருந்தது.

மூட்டை பிடிக்கும் மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே அரிசித் தொட்டி, கீழே ஒரு வாய். ஒருவர் நின்று காலிச் சாக்கை அந்த வாயில் மாட்டுவார். இரண்டு இரும்புத் தாடைகள் காற்றழுத்தத்தில் மூடி சாக்கைப் பிடித்துக்கொள்ளும். எடை சென்சார் அளந்து அரிசியை விடும். வாய்க்கு முன்னால் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை. கை குறுக்கே போனால் கற்றை அறுபடும், தாடை உடனே நிற்க வேண்டும். தாடை முழுதாக மூட நூற்றைம்பது மில்லி செகண்ட் ஆகும். நாங்கள் இருபதுக்குள் நிறுத்த வேண்டும் என்பது கணக்கு.

கையைக் காப்பாற்றும் வேலைக்குத் தனி வயர், மின்சாரத்தை நேரே துண்டிக்கும் தனி ரிலே போட வேண்டும், கெர்னலிடம் விடக் கூடாது என்று மேடம் முதல் நாளே எழுதிக் கொடுத்தார். போர்டே செய்யட்டும் என்று மேலே முடிவானது. நாங்களும் அளந்தோம், பதினொன்று வந்தது, அனுப்பிவிட்டோம்.

சம்பா அறுவடைக்கு முன்னால் ஒரே வாரத்தில் இரண்டு மெஷின் நிறுவினேன். ஒன்று தாராசுரத்துக்குத் தெற்கே ஒரு மில். மற்றது மயிலாடுதுறைக்குப் போகும் வழியில். தாராசுரம் மெஷினில் எடை சென்சார் முரண்டு பிடித்தது. தவிட்டுத் தூசி ஏறி அளவு துள்ளியது. என்ன நடக்கிறது என்று பார்க்க, எடை டிரைவர் பிழை வரும்போதெல்லாம் அதைச் சீரியல் வயர் வழியாக எனக்கு எழுதி அனுப்பும்படி கெர்னலின் தொடக்க அமைப்பில் ஒரு வரி சேர்த்தேன். மெஷின் பக்கத்தில் தூசியில் உட்கார முடியாது. அதனால் எடை போடும் அறை வரை முப்பது மீட்டர் கேபிள் இழுத்தேன். அவ்வளவு நீளத்தில் எழுத்து சிதைந்து வந்தது. வேகத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். கடைசியில் விநாடிக்கு ஆயிரம் எழுத்துகூடப் போகாத வேகத்தில் தெளிவாக வந்தது. சென்சாரைச் சரிசெய்தேன். வேன் ஹாரன் அடித்தது. பதினேழு டிக் போட்டுக் கையெழுத்திட்டுக் கிளம்பினேன். அதே சென்சார் என்பதால் மயிலாடுதுறை மெஷினிலும் முதலிலேயே அதே அமைப்பை ஏற்றினேன். அங்கேயும் பதினேழு டிக்.

பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தில் தாராசுரம் மில்லிலிருந்து போன் வந்தது. சாக்கு மாட்டும் பாக்கியத்தின் வலது கை தாடையில் மாட்டி நடுவிரலும் மோதிர விரலும் நசுங்கிவிட்டன. கும்பகோணம் ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டையும் எடுக்க வேண்டியதாயிற்று. சென்சார் மேல் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்திருக்கிறாள், அவள் மேல்தான் தப்பு என்று மில் மேனேஜர் எழுதிக் கொடுத்திருந்தார். தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார், உங்கள் மெஷின் சரியாக இருக்கிறது என்று அளந்து ரிப்போர்ட் வேண்டும் என்றார்கள். அந்த ரிப்போர்ட்டில் என்ன வருகிறதோ அதுதான் அவள் கதி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கவனக்குறைவு என்று பதிந்துவிட்டால் இழப்பீடும் இல்லை, வேறு எந்த மில்லும் அவளை வாசலில் சேர்க்காது.

நான் போனேன். நல்ல மனதோடுதான் போனேன் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் மெஷின் சரி என்று நிரூபிக்கத்தான் போனேன். விபத்துக்குப் பிறகும் மெஷின் பதினைந்து நாளாக ஓடிக்கொண்டே இருந்தது, சீசன் ஆயிற்றே. வேறொரு ஆள் சாக்கு மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு மூங்கில் குச்சியைக் கற்றையில் விட்டு விட்டு எடுத்தேன். இரண்டு நாள். ஆயிரக்கணக்கான தடவை. அதிகபட்சம் பதினொன்று.

இரண்டாம் நாள் மதியம் பாக்கியம் வந்தார். வாக்குமூலத்தில் கைநாட்டு வைக்க மேனேஜர் வரச்சொல்லியிருந்தார். நாற்பது வயதிருக்கும். வலது கை முழங்கை வரை கட்டு. என் பின்னால் நின்று கொஞ்ச நேரம் குச்சி விளையாட்டைப் பார்த்தார்.

"நீங்கதான் மெஷின் மாட்டுன ஆளா?"

"ஆமாங்க."

"டேப் ஒட்டுனேன்னு எழுதியிருக்காங்க. டேப் ஒட்டுனா வெளிச்சம் மறைஞ்சு மெஷினே ஓடாதே சார். நீங்களே ஒட்டிப் பாருங்க."

அது சரி. கற்றையை மறைத்தால் தாடை மூடவே மூடாது. மெஷின் செய்த எனக்குத் தோன்றாதது, மெஷினுக்கு முன்னால் நின்றவருக்குத் தெரிந்திருந்தது. மேனேஜர் எழுதியது நடக்கவே முடியாத ஒன்று.

"சரிங்க. ஆனா மெஷினும் சரியாத்தானே இருக்கு. பதினொண்ணுக்கு மேல போகல" என்றேன்.

"அது என்ன பதினொண்ணோ. நீங்க நேரா மாட்டுன சாக்குல குச்சிய விட்டுக்கிட்டு இருக்கீங்க. சாக்கு நேரா இருந்தா நாங்க எதுக்கு சார் கைய விடுறோம்? எங்களுக்கென்ன வேண்டுதலா? கோணிக்கிட்டுத் தொங்கும் பாருங்க, அப்பத்தான் இழுத்துவிடக் கை போவும்."

சாக்கு மாட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "யக்கா, இன்ஜினியருக்கே பாடம் எடுக்குது பாரு."

"நீ சிரி. உனக்கு இன்னும் பத்து வெரல் இருக்கு" என்றார் பாக்கியம்.

ஒரு சாக்கை வேண்டுமென்றே ஒரு பக்கம் தொங்க மாட்டச் சொன்னேன். தாடை அசைந்ததும் குச்சியை விட்டேன். நானூற்றுப் பத்து.

ஸ்கோப் முள் நழுவிவிட்டது என்று நினைத்தேன். மறுபடி மாட்டினேன். முந்நூற்றெண்பது. மறுபடி. நானூற்றுப் பன்னிரண்டு. மூங்கில் குச்சியின் நுனி தட்டையாகி நார் நாராகத் தொங்கியது. நேராக மாட்டினால் ஒன்பது, பத்து. கோணலாக மாட்டினால் நானூறு. பாக்கியம் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், திரையை இல்லை.

எனக்கு விளங்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் கொடுமை. சாக்கு கோணலாகத் தொங்கினால் எடை துள்ளும். எடை துள்ளினால் டிரைவர் பிழைச் செய்தி எழுதும். ஒரு தடவை துள்ளினால் ஐந்து வரி. என் வரி இன்னும் அங்கே இருந்தால், நான் குறைத்துவைத்த வேகத்தில் ஒரு வரி போக எண்பது மில்லி செகண்டுக்கு மேல். ஐந்து வரிக்கு நானூறு. அந்த வரிகளை எழுதி முடிக்கும்வரை ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் அந்த ஒற்றைக் கோர் போர்டில் கெர்னல் வேறு எதையும் கவனிக்காது. கற்றை அறுபட்டு சென்சார் கத்திக்கொண்டிருக்கும், காது கொடுக்க ஆள் இருக்காது.

எடை அறைக்கு ஓடினேன். என் முப்பது மீட்டர் கேபிள் சுவரோரம் சுருட்டிக் கிடந்தது. யாரோ பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். கேபிளைப் பிடுங்கினால் நிற்கும் சங்கதியா அது? படிக்க யாரும் இல்லை என்று கெர்னலுக்குத் தெரியாது. அது வெறும் துளைக்குள் எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன். என் வரி அப்படியே இருந்தது.

எடைப் பிழையைக் கண்டுபிடிக்க வைத்த பொறிதான் தாமதம். அதுவும் கண்ட நேரத்தில் இல்லை. சரியாக, மனிதக் கை உள்ளே போகிற நேரத்தில் மட்டும். தேடித் தேடிச் செய்தால்கூட ஒருவனால் இவ்வளவு பொருத்தமாகச் செய்ய முடியாது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். தவிடு மேலெல்லாம் ஒட்டியது.

அன்று பாக்கியத்திடம் சொல்லவில்லை. மெஷினை நிறுத்தச் சொல்லி மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் காலை தாராசுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். இடது கையால் அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டிக் போட்டதையும் சொன்னேன். குரல் உடைந்தது.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் டேப் ஒட்டலன்னு எழுதுவீங்களா?"

"எழுதுறேங்க."

"உங்க தப்புன்னு?"

"என் தப்புன்னு."

"மொதல்ல எழுதுங்க. அழுவறத அப்புறம் வெச்சுக்கலாம்." கரண்டியை எடுத்து உலையைக் கிளறினார். திரும்பாமலே கேட்டார்: "வேற எங்கயும் இதே மாதிரி போட்டிருக்கீங்களா?"

அந்தக் கேள்விவரை எனக்கு மயிலாடுதுறை மெஷின் ஞாபகத்துக்கே வரவில்லை. இரண்டு விரல் போனவருக்கு உடனே தோன்றியது, எனக்கு ஒரு முழு இரவு தோன்றவில்லை.

நேரே தஞ்சாவூர் வந்து மேடத்திடம் ரிப்போர்ட்டை நீட்டினேன். வழக்கம்போல முதல் பக்கத்தைப் படிக்கவில்லை.

"அதிகபட்சம் எவ்வளவு?"

"நானூத்திப் பன்னெண்டு."

பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். பிறகு என் ரிப்போர்ட்டின் அடியில் தன் கையெழுத்தையும் போட்டார். "ரிலே வேணும்னு எழுதிக் கொடுத்ததோட நானும் சும்மா இருந்துட்டேன்" என்றார்.

கம்பெனி எம்.டி. அறையில் நாங்கள் மூன்று பேர்தான். அவர் கோபக்காரர் இல்லை. டீ வரவழைத்தார். அவருடைய அமைதிதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

"அந்த வரியை எடுத்துட்டு அளந்தா எவ்வளவு வரும்?"

"கோணல் சாக்குக்கும் பதினொண்ணுதான் வரும் சார்."

"அப்ப பதினொண்ணுன்னு கொடுங்க. பொய் இல்லையே."

"பொய் இல்ல சார்" என்றார் மேடம். "ஆனா அந்தப் பொண்ணு கைய விட்ட மெஷினோட நம்பர் அது இல்ல."

எம்.டி. பதினேழு வரித் தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். "இது யார் டிக்?"

"என்னோடதுதான்."

"அப்ப இது கம்பெனி தப்பு இல்ல, உங்க தப்பு. அப்படித்தானே?"

"ஆமா சார். அப்படியே எழுதிக் கொடுங்க. ஆனா மயிலாடுதுறை மெஷினை இன்னைக்கே நிறுத்தச் சொல்லணும்."

"விசாரணை முடியட்டும். இப்ப அங்க போய்க் கைய வெச்சா நாமளே ஊர் முழுக்க ஒத்துக்கிட்ட மாதிரி."

விசாரணை முடிய மாதக் கணக்கு ஆகும் என்று அவருக்கும் தெரியும். இரண்டு நாள் திரும்பத் திரும்பக் கேட்டோம். மூன்றாம் நாள் காலை, இனி வர வேண்டாம் என்று எனக்குத் தாள் கொடுத்தார்கள். மேடம் மாடிப்படிவரை வந்தார். அந்த அசல் ரிப்போர்ட் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டது என்று சொன்னார். மயிலாடுதுறை மில்லின் பெயரும் அதில் இருக்கிறது, ஆனால் அவர்கள் வந்து பார்க்க நாளாகும் என்றார்.

"நீங்களும் வந்துடுங்களேன் மேடம்" என்றேன்.

"நான் இருந்தாத்தான் இங்க இருக்கிற காப்பி ஃபைல்ல இருக்கும். நீங்க போங்க."

இதைச் சொல்லிவிடுகிறேன்: பாக்கியத்தின் கோப்பிலிருந்து கவனக்குறைவு என்ற சொல் பிறகு நீங்கியது. அவர் விரல்கள் திரும்ப வரவில்லை. நான் அவரை மறுபடி போய்ப் பார்க்கவும் இல்லை. பார்த்து என்ன பேசுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்தக் காலை நடையில் ரயிலடி சேர்ந்ததும் மயிலாடுதுறை மில்லுக்குப் போன் செய்தேன். நிறுவும்போது இருந்த மேனேஜர் மாறியிருந்தார். புதியவர் பொறுமையாகக் கேட்டார், விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். கால் மணியில் கூப்பிட்டார்.

"உங்க ஆபீஸ்ல கேட்டேங்க. நீங்க வேலைலயே இல்லையாமே. மெஷின் நல்லாத்தான் இருக்காம். இந்த மாதிரி போன் பண்ணிக்கிட்டு இருக்காதீங்க, சீசன் நேரம்."

"கோணல் சாக்குல மட்டும் கைய விடாம..."

வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

பாசஞ்சர் வண்டியில் ஏறினேன். பாபநாசம், கும்பகோணம், ஆடுதுறை. இரண்டு பக்கமும் அறுவடை மெஷின்கள் வயலில் நின்றன. ஸ்டேஷன் வெளியே எங்கு பார்த்தாலும் நெல் மூட்டை. இத்தனை மூட்டையும் ஏதோ ஒரு வாயில் மாட்டப்பட வேண்டியவை என்ற எண்ணம் போகவில்லை. செய்ய வேண்டிய வேலை மூன்று நிமிட வேலை. பெட்டியைத் திறந்து, கேபிளைச் செருகி, ஒரு வரியை அழித்து, மறுபடி ஓடவிட வேண்டும். மெக்கானிக் என்று போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். கூலி ஆளை யாரும் நிறுத்த மாட்டார்கள். மில்லில் ஆள் எடுப்பது மேனேஜர் இல்லை, சீசனுக்கு வரும் மேஸ்திரி; அவர் என்னைப் பார்த்ததில்லை. பதினோரு மணிக்கு டீ. மெஷின் நிற்கும், எல்லோரும் வெளியே போவார்கள். கூலி வேலை எனக்கு ஒன்றும் புதிதும் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மில் வாசலில் வரிசையில் நின்றேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரு பெரியவரே?"

"நாகூர்ப் பக்கம். கடக்கர."

"படகு இருக்கையில அரிசி மில்லுக்கு வர்றியா? கடலு வெரட்டி விட்டுருச்சா?"

"முப்பது வருசத்துக்கு முன்னாடியே வெரட்டிருச்சு."

சிரித்தார். "மூட்டை தூக்குவியா?"

"தூக்குவேன். ஆனா பேக்கிங் மெஷின்ல சாக்கு மாட்டுற எடம் கொடுங்க."

"அந்தத் தூசியில நிக்க மாட்டேன்னுதான் எல்லாவனும் ஓடுறான். நீ கேட்டு வர்ற. சரி, போ."

அங்கே ஒரு பெண் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பாக்கியத்தைவிட இளையவர். மேஸ்திரி அவரைக் கூட்டுகிற வேலைக்குப் போகச் சொன்னார்.

"வந்ததும் வராததுமா என் எடத்தையா புடிச்ச?" என்றார் அவர் என்னிடம். "நல்லா இருப்ப."

"பதினோரு மணி வரைக்கும்தான்மா. அப்புறம் உன் எடம் உனக்கே."

"ஏன், அதுக்குள்ள ஓடிருவியோ?" துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்று பார்த்தார். நான் எத்தனை மூட்டைக்குத் தாங்குவேன் என்று பார்க்கிற பார்வை.

அவர் பத்து விரலாலும் துடைப்பத்தைப் பிடித்திருப்பதைப் பார்த்தேன். பையைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். தொட்டி திறந்தது. முதல் சாக்கை மாட்டினேன், நேராக விழுந்தது. இரண்டாவது ஒரு பக்கம் கோணித் தொங்கியது. மணி ஏழரை. பதினொன்று வரை அந்த வாய்க்குள் எந்தக் கை போனாலும் அது என் கை.